‘எல்லாப் பொம்மைக்கும் பொருந்தும்’ என்று அச்சிட்ட உடைத் தொகுப்பு பற்றிய புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
நகல்: பொம்மை வடிவமைப்புப் பிரிவு

பொருள்: ஃபேஷன் பொம்மை உடைத் தொகுப்பின் அட்டையில் உள்ள தவறான அளவு விவரம், அது குறித்து உங்கள் பிரிவு அளித்த பதில் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். என் ஏழு வயது மகளுக்காக உங்கள் நிறுவனத்தின் ஃபேஷன் பொம்மை ஒன்றும், அதே வரிசைக்கான உடைத் தொகுப்பு ஒன்றும் வாங்கினேன். ‘விதவிதமான உடல்வாகு’ என்று நீங்கள் விளம்பரம் செய்யும் வரிசையைச் சேர்ந்தது அந்தப் பொம்மை. இடுப்பும் தொடையும் கொஞ்சம் பருமன், வயிறு லேசாகத் தெரியும். உடைப் பெட்டியின் முகப்பில் ‘இந்த வரிசையின் எல்லாப் பொம்மைகளுக்கும் பொருந்தும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. உள்ளே இருந்த கவுன், பாவாடை, பேன்ட் எதுவுமே அந்தப் பொம்மைக்குப் பத்தவில்லை. கைப்பை மட்டும் பொருந்தியது.

அட்டையில் ஒன்று, உள்ளே வேறொன்று என்ற அளவில் இது சாதாரணப் புகார்தான். பணத்தைத் திருப்பித் தந்தால் முடிந்துவிடும் என்று நீங்கள் நினைக்கலாம். பத்தாத உடை ஒரு குழந்தைக்கு என்ன சொல்லிக் கொடுத்தது என்பது உங்கள் தரச் சோதனையில் பதிவாகாது என்பதால் அதை விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் நீலக் கவுனை எடுத்தாள். தலை வழியாகப் போகவில்லை. கால் வழியாக ஏற்றினாள். தொடையில் சிக்கியது. ஒருவழியாக இடுப்புக்குக் கொண்டுவந்தபோது, முதுகில் வெல்க்ரோ பட்டைகள் இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி. கட்டைவிரலால் பொம்மையின் வயிற்றை அமுக்கிக்கொண்டே மறு கையால் வெல்க்ரோவை இழுத்துப் பார்த்தாள். கெட்டிப் பிளாஸ்டிக், எங்கே அமுங்கும்? மற்ற உடைகளும் அப்படியே. கடைசியில் பொம்மையை என்னிடம் நீட்டி, “இவ ரொம்ப குண்டும்மா, அதான் பத்தல” என்றாள்.

கவுன் சின்னது என்று அவள் சொல்லவில்லை. பள்ளிச் சீருடை பிடித்தால் “சட்டை சின்னதாப் போச்சு” என்று சொல்கிற அதே குழந்தை. தன் உடம்புக்குச் சட்டைதான் சரியாக இருக்க வேண்டும் என்று அதுவரை தெரிந்து வைத்திருந்தவள், பொம்மை விஷயத்தில் குற்றத்தை உடம்பின் மேல் போட்டாள். அவள் தோழியின் ஒல்லிப் பொம்மைக்கு அதே உடைகள் அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்தியதும் அந்தத் தீர்ப்பு உறுதியாகிவிட்டது. அடுத்து வந்த விளையாட்டுகளில் விருந்துக்கும் கடற்கரைக்கும் போகிறவள் ஒல்லிப் பொம்மை. எங்கள் பொம்மை வீட்டைப் பார்த்துக்கொள்கிறவள். போட்டுக்கொண்டு போக அவளிடம் என்ன இருக்கிறது?

எனக்குத் தையல் தெரியும். பிரித்துவிட்டுக் கொடுக்கலாம் என்று கவுனை உள்பக்கம் திருப்பினால், உள்ளே விட்டுத் தைத்த துணி நூல் பிடிக்கிற அளவுக்குத்தான் இருக்கிறது. ஆகவே இது தையல் பிசகு இல்லை. ஒல்லியான பொம்மைக்குப் போட்ட வெட்டையே வரிசை முழுவதற்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறீர்கள்.

இதை உங்களுக்குத் தெரிவித்தபோது வந்த பதில்தான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. “தாங்கள் வாங்கியது பருமனான மாடல் என்பதால் உடைகள் பொருந்தாமல் இருக்கலாம். நல்லெண்ண அடிப்படையில், உடைகள் கச்சிதமாகப் பொருந்தும் வழக்கமான மாடல் பொம்மையை இலவசமாக அனுப்பி வைக்கிறோம்.” உடையை மாற்றித் தரச் சொன்னேன், நீங்கள் உடம்பை மாற்றித் தருகிறீர்கள். என் மகள் ஏழு வயதில் சொன்னதையே உங்கள் அலுவலகம் லெட்டர்ஹெட்டில் சொல்லியிருக்கிறது. பிறகு தொலைபேசியில் பேசிய உங்கள் ஊழியர், பாவம், சமாதானமாகத்தான் சொன்னார்: “குழந்தைங்க இதையெல்லாம் கவனிக்க மாட்டாங்க மேடம், வெறும் பொம்மைதானே.”

கவனிக்கிறார்கள். இங்கிலாந்தில் 5 முதல் 8 வயது வரையிலான 162 சிறுமிகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2006இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்குப் பார்பி படங்கள் உள்ள கதை, இன்னொரு பகுதியினருக்குப் பருமனான உடல்வாகு கொண்ட எம்மே என்ற பொம்மையின் படங்கள், மற்றவர்களுக்குப் பொம்மையே இல்லாத படங்கள். பார்பியைப் பார்த்தவர்களுக்குத் தங்கள் உடம்பைப் பற்றிய மதிப்பு மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது, இன்னும் ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை கூடியிருந்தது. அந்தக் கூட்டத்தில் மூத்த சிறுமிகளிடம் இந்த விளைவு காணப்படவில்லை, சின்னவர்களிடம்தான். உங்கள் பெட்டியில் நீங்கள் அச்சிட்டிருக்கும் வயது வரம்பை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

எல்லா ஆய்வும் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்கள் சட்டப் பிரிவு சொல்லும். அதே வயதுச் சிறுமிகளை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில் உடம்பு மீதான அதிருப்தி கூடவில்லை. ஆனால் ‘ஒல்லியாக இருப்பதுதான் நல்லது’ என்ற எண்ணம், பார்பியோடு இருந்த குழந்தைகளிடம் கூடுதலாகப் பதிந்திருந்தது. அதிருப்தி உடனே வராமல் போகலாம். அளவுகோல் உள்ளே போய்விடுகிறது.

பொம்மையின் இடுப்பு ஏன் அப்படி இருக்கிறது என்பது தைக்கிறவளாக எனக்குப் புரியாமல் இல்லை. பொம்மை மனித உருவத்தில் ஆறில் ஒரு பங்கு; ஆனால் துணியை யாரும் ஆறில் ஒரு பங்கு மெலிதாக நெய்வதில்லை. பாவாடையின் மடிப்பு, ஓரத் தையல், வெல்க்ரோ எல்லாம் இடுப்பில் வந்து கூடும்போது அந்த இடம் உப்பிக்கொள்ளும். அதற்கு ஈடாகப் பிளாஸ்டிக்கைச் செதுக்கி எடுத்துவிட்டால் உடுத்திய பிறகு பார்வைக்குச் சரியாக இருக்கும். பார்பியின் உடல் நிஜத்தைப் போல இருக்க வேண்டும் என்று வடிவமைக்கப்பட்டதே இல்லை, குழந்தைகள் எளிதாக உடுத்திக் கழற்றவே அப்படி இருக்கிறது என்று, பார்பியைத் தயாரிக்கும் மேட்டல் நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவைச் சேர்ந்தவரே 2014இல் வெளிப்படையாகச் சொன்னார். அந்த உடலை ஆள் உயரத்துக்கு வளர்த்துக் கணக்கிட்ட ஆய்வு 1996இல் வந்தது. பெண் ஒருத்திக்குப் பார்பியின் உடல்வாகு அமையும் வாய்ப்பு ஒரு லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆணுக்கு, பார்பியின் ஜோடியான கென் பொம்மையின் உடல்வாகு அமைய 50இல் ஒன்று. ஆண் பொம்மைக்கு மட்டும் துணி மெலிந்துவிடுமோ என்னவோ.

இந்த விவரம் உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். குழந்தைக்குத் தெரியாது. துணியின் தடிப்புக்காக வெட்டப்பட்ட இடுப்பை அவள் பெரியவர்களின் இடுப்பு என்று எடுத்துக்கொள்கிறாள். அதோடு நின்றாலும் பரவாயில்லை. நிஜத்துக்கு ஓரளவு பக்கத்தில் வரும் ஒரே பொம்மையையும் உடை ஏறாமல் வைத்து, ‘இதுதான் சரியில்லாத உடம்பு’ என்று காட்டிவிடுகிறது உங்கள் உடைப் பெட்டி.

பல உடல்வாகுப் பொம்மைகள் உங்கள் யோசனை இல்லை. உயரமான, குட்டையான, பருமனான உடல்களை 2016 ஜனவரியில் பார்பி வரிசையில் மேட்டல் சேர்த்தது. பழைய உடைகள் புதிய பொம்மைக்கு ஏறாது என்ற சிக்கல் அப்போதே வந்தது. அதற்கு ஒரே மருந்து, பருமனான பொம்மைக்கும் அதே எண்ணிக்கையில், அதே அழகில் உடை தைப்பது. தனி வெட்டு, தனிப் பெட்டி, கூடுதல் செலவு. நீங்கள் அந்தச் செலவைத் தவிர்த்துவிட்டு விளம்பரத்தை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள் என்பது என் எண்ணம்.

குழந்தைகளுக்கே பருமனான பொம்மை பிடிப்பதில்லை, நாங்கள் என்ன செய்ய என்று கேட்கலாம். 2019இல் வெளியான ஓர் ஆய்வு 3 முதல் 10 வயதுச் சிறுமிகள் அப்படித்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்கிறது. பருமனான பார்பியோடு விளையாட அவர்களுக்கு விருப்பம் குறைவு. மூன்று வயதுக்கே அந்த எண்ணம் எங்கிருந்தோ வந்து சேர்ந்திருக்கிறது. வீட்டுப் பேச்சு, சொந்தக்காரர்களின் கேலி, திரை, விளம்பரம் என்று நூறு வழிகள். எல்லாவற்றையும் உங்கள் தலையில் கட்டவில்லை. அந்தக் குழந்தை தன் மனத்தை மாற்றிக்கொள்ள ஒரு வாய்ப்பாக ஒரு பொம்மையைக் கையில் கொடுத்துவிட்டு, அதற்கு மாற்று உடை ஒன்றுகூட இல்லாமல் செய்தது உங்கள் வேலை.

1963இல் ‘குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பார்பி’ தொகுப்போடு எடை குறைப்பது எப்படி என்று ஒரு குட்டிப் புத்தகம் வந்தது. அதன் பின்னட்டையில் இருந்த அறிவுரை: ‘சாப்பிடாதே!’ 1965இல் இன்னொரு தொகுப்பில் அதே புத்தகத்தோடு 110 பவுண்டில், அதாவது கிட்டத்தட்ட 50 கிலோவில், முள் நிலையாக நின்றுவிட்ட ஓர் எடைக் கருவியும் இருந்தது. இன்று எந்த நிறுவனமும் அப்படி அச்சிடத் துணியாது. அச்சிடாமலே அதைச் சொல்லிவிட முடியும் என்பதற்கு மூடாத வெல்க்ரோ ஒன்று போதும்.

ஆண் பிள்ளைகளுக்கான உங்கள் வீரர் பொம்மைகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். 1960களிலிருந்து 1990கள் வரை அந்த வகைப் பொம்மைகளின் தசை எப்படி ஊதிக்கொண்டே போனது என்று 1999இல் அளந்து எழுதியிருக்கிறார்கள். இப்போதைக்கு அது வேண்டாம்.

நீங்கள் இலவசமாக அனுப்பிய பொம்மையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டேன். 2021இல் வெளியான இங்கிலாந்து ஆய்வொன்றில், மிக ஒல்லியான பொம்மைகளோடு கொஞ்ச நேரம் விளையாடிய சிறுமிகளுக்கு, தாங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று நினைக்கும் உடம்பின் அளவு இன்னும் ஒல்லியாகிப் போனது. பிறகு நிஜக் குழந்தை போன்ற பொம்மைகளைக் கொடுத்தும் அது பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 31 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். இருந்தாலும், ஒல்லிப் பொம்மையை ‘நல்லெண்ண’ அன்பளிப்பாக வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. உடைத் தொகுப்பின் முழு விலையையும் திருப்பித் தாருங்கள். ‘எல்லாப் பொம்மைகளுக்கும்’ என்ற வரியைப் பெட்டியிலிருந்தும் விளம்பரத்திலிருந்தும் எடுத்துவிட்டு, எந்த மாடலுக்குப் பொருந்தும் என்று படத்தோடு போடுங்கள். பருமனான மாடலுக்குத் தனி உடைத் தொகுப்பு வருமா, வந்தால் எப்போது என்று சொல்லுங்கள். வராது என்றால் அதையும் நேராகச் சொல்லிவிடுங்கள். கவுன்களை நானே தைத்துக்கொள்கிறேன், உங்கள் விளம்பரத்திலிருந்து அந்தப் பொம்மையை எடுத்துவிடுங்கள். முக்கியமாக, உடை பத்தவில்லை என்று எழுதும் வாடிக்கையாளருக்கு ஒல்லிப் பொம்மையை மாற்றாக அனுப்பும் வழக்கத்தை நிறுத்துங்கள். பதில் எழுதும் ஊழியருக்குக் கொடுத்திருக்கும் மாதிரி வாசகத்தில் ‘பருமனான மாடல் என்பதால்’ என்ற இடத்தை அடித்துவிட்டு ‘உடையின் அளவு சிறியதாக இருப்பதால்’ என்று மாற்றுங்கள். அதற்கு ஒரு காசும் செலவாகாது.

பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன். வடிவமைப்புப் பிரிவிலிருந்து வந்தால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், உடைப் பெட்டி முகப்பின் படம், பொம்மையின் முதுகில் வெல்க்ரோ இடைவெளியை ஸ்கேல் வைத்து எடுத்த படம், உங்கள் பதில் கடிதத்தின் நகல்.