தகடு வெட்ட கிரைண்டர் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டிலேயே சின்னச் சின்ன இரும்பு வேலை செய்வது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த பக்கத்தைப் படித்தேன். இந்த மாதிரி விஷயத்துக்கு இடம் ஒதுக்கியதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் மெல்லிய தகடு என்றால் ஆங்கிள் கிரைண்டரில் (கையில் பிடித்து ஓட்டும் மெஷின்) கட்டிங் வீல், அதாவது வெட்டும் வட்டச் சக்கரம் மாட்டி வெட்டிவிடலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அதில் கம்பி வெட்டுங்கள், 'ட' மாதிரி மடிந்த இரும்பு ஆங்கிள் வெட்டுங்கள், 22 கேஜ் ஜி.ஐ. ஷீட்டுக்கு (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) அது ஆகாது.

22 கேஜ் என்றால் 0.71 மி.மீ. தான். (கேஜ் எண் ஏற ஏறத் தகடு மெலியும், கடையில் புதிதாகக் கேட்பவர்கள் இங்கேதான் குழம்புவார்கள்.) மெல்லிசு வீலே 1 மி.மீ. தடிமன் இருக்கும். அது நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும்போது சரியான பிடிமானம் இல்லாத தகடு தடதடவென்று அதிரும், சூட்டில் நெளியும், நெளிந்த தகடு வீலைக் கவ்வும், கவ்வினால் வீல் உடைந்து தெறிக்கவும் வாய்ப்பு உண்டு. அது போக, வெட்டிய ஓரத்தில் துத்தநாகப் பூச்சு கருகிப் போய்விடும், அப்புறம் அங்கேதான் முதலில் துரு ஏறும். கத்தரியில் வெட்டினாலும் ஓரத்தில் இரும்பு தெரியத்தான் செய்யும், ஆனால் ஒட்டியே இருக்கும் துத்தநாகம் அதை ஓரளவு காப்பாற்றிவிடும்.

சரி, எதில் வெட்டுவது? தகடு வெட்டும் கத்தரி போதும். அதிலேயே ஸ்பிரிங் வைத்த ஸ்னிப் என்ற வகை என்றால் இன்னும் சுலபம், அதில் கைப்பிடி நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டும்: மஞ்சள் நேராக வெட்ட, சிவப்பு இடப்பக்கம் வளைத்து வெட்ட, பச்சை வலப்பக்கம்.

அளவு தப்புவது பெரும்பாலும் வெட்டும்போது இல்லை, கோடு போடும்போதே தப்பிவிடுகிறது. மார்க்கர் கோடே ஒரு மி.மீ. அகலம், அதில் எந்த ஓரத்தை நம்பி வெட்டுவீர்கள்? மார்க்கரை அந்த இடத்தில் பட்டையாகத் தீட்டிவிட்டு, ஸ்டீல் ஸ்கேலை அழுத்திப் பிடித்து, ஸ்கிரைபரால் (கோடு கீறும் கூரான எஃகு ஊசி) ஒரே ஒரு முறை கீறுங்கள். நிறத்துக்கு நடுவில் மயிரிழை மாதிரி பளிச்சென்று கோடு தெரியும். மடிக்க வேண்டிய கோட்டை மட்டும் கீறக் கூடாது, அலுமினியமாக இருந்தால் அந்தக் கீறலிலேயே விரிசல் விடும்.

தகடு சுருண்டுவிடுகிறது என்பது எல்லோரும் சொல்லும் புகார். எப்போதும் குறுகலான பக்கம்தான் சுருளும். அதனால் முதலில் கோட்டுக்கு வெளியே நாலைந்து மி.மீ. தள்ளி வெட்டி மிச்சத்தை எடுத்துவிட்டு, இரண்டாவது முறை கோட்டின் மேலேயே வெட்டினால் அந்த மெல்லிய நாடா மட்டும் சுருண்டுகொண்டே போகும், உங்களுக்கு வேண்டிய துண்டு மட்டமாக நிற்கும். துணி வெட்டுகிற மாதிரி கத்தரியை நுனி வரை மூடவும் கூடாது. நுனி சேரும் இடத்திலெல்லாம் ஒரு சின்னக் கிழிசல் விழும், நுனி மூடுவதற்கு ஒரு சென்டிமீட்டர் முன்பே நிறுத்தித் திறந்து, உள்ளே தள்ளி, திரும்ப வெட்ட வேண்டும். வெட்டாமல் தகடு கத்தரி வாய்க்குள் மடிந்து போகிறதா, நடு நட்டைக் கொஞ்சம் இறுக்குங்கள், பாதிப் பேருக்கு அதுதான் பிரச்சினை.

ஆக்ஸா பிளேடில் (இரும்பு அறுக்கும் ரம்பம்) அறுக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு கணக்கு. தகட்டின் தடிமனுக்குள் ஒரே சமயத்தில் இரண்டு பல்லாவது நிற்க வேண்டும், இல்லையென்றால் பல் மாட்டி உடையும். அங்குலத்துக்கு 32 பல் உள்ள பிளேடில்கூடப் பல்லுக்குப் பல் 0.8 மி.மீ. இடைவெளி, 22 கேஜ் அதற்கே பத்தாது. அதனால் தகட்டை இரண்டு பிளைவுட் துண்டுக்கு நடுவே வைத்து இறுக்கி, மரத்தோடு சேர்த்து அறுத்துவிடுங்கள். மரம் வீணாகும்தான், ஆனால் ஓரம் நெளியாது, பிசிறும் குறைவு. மிச்சப் பிசிறுக்கு நைஸ் அரத்தை ஓரத்தின் நீளவாக்கில் இழுத்தால் போதும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், இதையாவது அடுத்த வாரம் திருத்தமாகப் போடுங்கள். படத்தில் இருப்பவர் கையுறை போட்டுக்கொண்டு, தகட்டை ஒரு கையால் பிடித்தபடி டிரில் மெஷினில் துளை போடுகிறார். தகட்டைத் தூக்கவும் கத்தரியில் வெட்டவும் தோல் கையுறை அவசியம், சுற்றுகிற டிரில் பக்கம் அது ஆகவே ஆகாது, நுனி சிக்கினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். துளை மறுபக்கம் திறக்கும் நொடியில் பிட் மெல்லிய தகட்டைக் கவ்வி அப்படியே சுழற்றும், கையில் பிடித்திருப்பவர் கதி என்ன? அடியில் ஒரு மரக்கட்டை வைத்து, இரண்டு கிளாம்ப் போட்டுவிட்டு, வெறுங்கையோடு, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மட்டும் போட்டுத் துளையிடுகிற படமாக மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவை