பாஸ் வருமுன் ஆளை அனுப்பாதீர்கள்: ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிவாளர் அவர்களுக்கும், அயலகத் தொடர்புப் பிரிவைச் சேர்ந்த அனைவருக்கும்,

வணக்கம்.

நான் இந்தியாவில் இருக்கும் உங்கள் பல்கலைக்கழகத்தில் படித்தவளும் அல்ல, வேலை பார்த்தவளும் அல்ல. மலேசியாவின் கெடா மாநிலம் பாடாங் செராயில், ஒரு காலத்தில் ரப்பர் மரம் நின்ற இடத்தில் எழும்பிய தாமானில், அதாவது குடியிருப்பில், என் வீடு. உங்களோடு ஒப்பந்தம் போட்டிருக்கும் எங்கள் வட்டாரக் கல்லூரி, நீங்கள் அனுப்பும் வருகைதரு ஆசிரியர்களுக்கு என் வீட்டு மாடியைத்தான் வாடகைக்கு எடுத்திருக்கிறது. உங்கள் ஆட்கள் இங்கே வந்து என்ன பாடு படுகிறார்கள் என்பதை நீங்களும் பார்த்ததில்லை, கல்லூரிக்காரர்களும் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

இங்கே வந்து திரும்பிய கணக்கியல் ஆசிரியருக்கு (நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன்) நீங்கள் கொடுத்த மெமோவை அவர் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். உரிய முன்னேற்பாடு இல்லாமல் சென்றார், ஒப்படைத்த பாடத்தை நடத்தவில்லை, ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் வந்தது சிரிப்பு இல்லை. அதனால்தான் இந்த மடல்.

அடுத்த பருவத்துக்கு இன்னும் இரண்டு பேர் வருகிறார்களாம். வரட்டும், மகிழ்ச்சி. ஆனால் இங்கே வேலை செய்ய அனுமதிக்கும் பாஸ் கைக்கு வருமுன் அவர்களை விமானம் ஏற்றாதீர்கள். வந்தபின் என்ன செய்ய வேண்டும் என்பதையும் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். 2023 டிசம்பரிலிருந்து இந்தியக் குடிமக்கள் விசா இல்லாமல் 30 நாள் இங்கே வந்து தங்கலாம். உறவுக்காரரைப் பார்க்கலாம், பத்துமலை ஏறலாம், பினாங்கில் கடற்கரையில் நடக்கலாம். வகுப்பெடுக்க முடியாது. அதற்கு நிபுணத்துவ வருகை பாஸ் என்று தனியாக ஒன்று உண்டு. அதிகபட்சம் 12 மாதம். இங்கே வரவழைக்கும் நிறுவனம்தான் அதற்கு விண்ணப்பம் போட வேண்டும், ஆள் நாட்டுக்குள் கால் வைக்கும் முன்பே அனுமதி கிடைத்திருக்க வேண்டும். சான்றிதழ் நகல்களை நீங்கள் தாமதமாக அனுப்பினீர்கள் என்கிறது கல்லூரி. கல்லூரி கேட்கவே இல்லை என்கிறீர்கள் நீங்கள். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து அந்தத் தம்பியிடம் சொன்னது ஒன்றுதான்: 'முதலில் போய்ச் சேருங்கள், விமான நிலையத்தில் கேட்டால் சுற்றுலா என்று சொல்லிவிடுங்கள், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.'

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போகிறவரைப் பொய் சொல்ல வைத்துத்தான் நாட்டுக்குள் அனுப்பினீர்கள். அதையும் அவர் செய்தார், வேலை போய்விடும் என்ற பயத்தில். தற்காலிக ஆசிரியர், வீட்டில் இரண்டு பிள்ளைகள், வேறு என்ன செய்வார்?

வந்தபின் பாஸ் வரவில்லை. சுற்றுலா அனுமதியில் வேலை செய்வது குற்றம் என்று கல்லூரியில் யாருக்கோ திடீரென்று நினைவு வந்தது. வகுப்புப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மனிதர் என்ன செய்தார் தெரியுமா? தினமும் காலையில் குளித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, திருநீறு பூசி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கீழே இறங்கி வருவார். பசியாறுவார். 'இன்னைக்கு ஏதாவது போன் வந்துச்சா டீச்சர்?' என்பார். இல்லை தம்பி என்பேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, அந்தப் பையோடு மறுபடி மாடி ஏறுவார். இஸ்திரி போடாதீர்கள், கைலியோடு இருங்கள், யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். 'போன் வந்தா உடனே கிளம்பணுமே டீச்சர்' என்றார்.

பிள்ளைகள் நிலைமை இன்னும் மோசம். அந்த வகுப்பில் பாதிப் பேர் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காத் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டு படிக்கிறவர்கள். உங்கள் ஆசிரியரின் வகுப்பு நேரத்துக்காக மேற்பார்வையாளரிடம் கெஞ்சி இரவு ஷிஃப்டுக்கு மாறியிருந்தார்கள். வகுப்பு இல்லை என்றதும் நான்கைந்து பேர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள். பழைய தேர்வுத்தாள் கையில். ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்) ஒரு கணக்கு இடிக்கிறது, சார் பார்த்துச் சொன்னால் போதும் என்றார்கள். அவர் படிக்கட்டில் நின்று என் முகத்தைப் பார்த்தார். கல்லூரியிலிருந்து ஒருவர் ஏற்கெனவே அவரிடம், 'வகுப்பு என்று சொல்லாதீர்கள், சும்மா கலந்துரையாடல் என்று வைத்துக்கொள்ளுங்கள்' என்று வழி வேறு காட்டியிருந்தார். மாட்டினால் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) பறிபோவது இவருக்குத்தானே, வழி காட்டியவருக்கு இல்லையே. நான்தான் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினேன். தமிழ்ப்பள்ளியில் ஆயுசு முழுக்க, பள்ளிக்கு வராத பிள்ளையைத் தேடித் தோட்டத்து லயன் வீடுகளுக்குப் போய்க் கூட்டிவந்தவள் நான். பாடம் கேட்டு வாசலுக்கு வந்த பிள்ளைகளைத் துரத்துகிற வேலையை எனக்குக் கொடுத்தீர்கள்.

30 நாள் முடியுமுன் அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். இதைத்தான் நீங்கள் 'பாடத்தை நடத்தவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே மறுபடி கேட்கிறேன்: பாஸ் வருமுன் ஆளை அனுப்பாதீர்கள்.

பாஸ் வந்தே இருந்தாலும் அவர் முதல் வாரம் திண்டாடியிருப்பார், ஏனென்றால் நீங்கள் கொடுத்தனுப்பிய பாடக்குறிப்பு முழுக்க இந்தியாவுக்கானது. இந்தியாவில் ஜி.எஸ்.டி. 2017-இல் வந்தது. எங்களுக்கு அது 2015-இல் வந்து 2018-இல் போயே போய்விட்டது, இப்போது விற்பனை வரி, சேவை வரிதான். நிறுவனச் சட்டம் உங்களுக்கு 2013, எங்களுக்கு 2016. உங்கள் குறிப்பில் 1,50,000 என்று கமா போட்டிருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு லட்சமும் கோடியும் தொலைக்காட்சித் தொடரில் கேட்ட கணக்கு, அவர்கள் எழுதுவது 150,000, அப்புறம் மில்லியன். இங்கே ஒரு கிரெடிட் என்றால் மாணவர் படிக்கும் நேரம் 40 மணி. வீட்டில் படிப்பது, ஒப்படைப்பு, குழுவாகச் செய்வது எல்லாம் அதில் அடக்கம். உங்கள் தாளில் ஒரு கிரெடிட்டுக்கு 15 மணி விரிவுரை என்று மட்டும் போட்டு நிறுத்தியிருந்தது. தம்பி மாடியில் சும்மா உட்காரவில்லை. ரூபாயை எங்கள் வெள்ளியாக்கி (ரிங்கிட்டைத்தான் வெள்ளி என்போம்), கோடியை மில்லியனாக்கி, இங்குள்ள சட்டத்தைத் தேடிப் படித்து முழுக் குறிப்பையும் மாற்றி எழுதினார். முன்னேற்பாடு இல்லாதவர் என்று நீங்கள் சொல்லும் அந்த ஆள்தான் அதைச் செய்தார். ஊரில் இருக்கும்போதே இரண்டு மாதம் முன்னால் இங்குள்ள பாடத்திட்டத்தையும் பழைய தேர்வுத்தாளையும் அவர் கையில் கொடுத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

கிழமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு வேலை நாள். இதை அவரிடம் யாருமே சொல்லவில்லை. வியாழன் இரவு கோலாலம்பூரில் இறங்கினார். (பினாங்கில் இறங்குவார் என்று கல்லூரிக்காரர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் ரயில் பிடித்து பட்டர்வொர்த் வந்து, அங்கிருந்து எனக்குப் போன் அடித்தார். என் மகன்தான் காடியை, அதாவது காரை, எடுத்துக்கொண்டு போய்க் கூட்டிவந்தான்.) வெள்ளி, சனி இரண்டு நாளும் அலுவலகம் பூட்டு. ஞாயிறு காலை கல்லூரி அவரைக் காணோம் என்று தேடுகிறது, இவர் விடுமுறை என்று நினைத்துத் துணி துவைத்துக்கொண்டிருக்கிறார். பாஸ் விஷயத்தைப் பார்க்கும் மத்திய அரசின் புத்ராஜெயா அலுவலகங்கள் வெள்ளிக்கிழமை திறந்திருக்கும், நாங்கள் மூடியிருப்போம். ஞாயிறு நாங்கள் திறந்திருப்போம், அவர்கள் மூடியிருப்பார்கள். ஆக மூன்று தரப்பும் பேசிக்கொள்ள வாரத்தில் நான்கு நாள்தான் உண்டு. அதோடு நாங்கள் உங்களுக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். நீங்கள் மதியச் சாப்பாடு முடித்துவிட்டுப் போன் அடிக்கும்போது எங்கள் அலுவலகத்தில் கிளம்பும் நேரம் வந்துவிடும்.

சின்ன விஷயங்களும் இருக்கின்றன, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சுவரில் சதுரக் கால் மூன்று உள்ள பிளக்தான் போகும், உங்கள் உருண்டைக் கால் போகாது. டிஜிட்டல் வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்திய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பிவிட வேண்டும், விமான நிலையத்தில் சிம் இல்லாத போனோடு நின்று நிரப்பக் கூடாது. வெளியே வெயில் கொளுத்தும், விரிவுரை மண்டபத்தில் ஏர்கான் எலும்பைக் குத்தும், ஒரு சுவெட்டர் வேண்டும். தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர் மருத்துவர் சீட்டோடு வர வேண்டும். அரசாங்க மருத்துவமனையில் சாதாரண வெளிநோயாளிச் சீட்டுக்கு எங்களுக்கு 1 வெள்ளி, வெளிநாட்டவருக்கு அந்தச் சலுகை கிடையாது, அதனால் காப்புறுதி எடுத்துக்கொடுங்கள். வங்கிக் கணக்கு திறக்கப் போனால் பாஸைக் காட்டு என்பார்கள், ஆகவே முதல் மாதச் செலவுக்கு வெள்ளி கையில் இருக்க வேண்டும். நோன்பு மாதத்தில் வகுப்பு நேரம் மாறும். இனம், மதம், அரசர் இந்த மூன்றையும் வகுப்பில் வேடிக்கைக்குக்கூடத் தொடக் கூடாது. முன்பு வந்த ஒருவர் தொட்டுவிட்டார். பிள்ளைகள் மேசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம், அவருக்குக் கடைசிவரை காரணம் புரியவில்லை.

ஒப்பந்தம் போட உங்கள் பெரியவர்கள் வந்தபோது மட்டும் எல்லா ஏற்பாடும் ஒழுங்காக இருந்தது. விமான நிலையத்தில் இரண்டு காடி, மாலை, பொன்னாடை, நினைவுக் கேடயம், பினாங்கில் நட்சத்திர ஹோட்டல். மேடையில் ராஜேந்திர சோழனை அழைத்துவந்தார்கள், 1025-இல் கடாரம் (எங்கள் கெடாதான்) கொண்டதைச் சொல்லி எங்களைக் கைதட்ட வைத்தார்கள். நானும் தட்டினேன், பொய் சொல்ல மாட்டேன். கடாரத்துக்குப் படை அனுப்பியவனின் பெருமை பேசுகிற உங்களுக்கு, கடாரத்தில் ஞாயிற்றுக்கிழமை வேலை நாள் என்று ஒரு வாத்தியாரிடம் சொல்லி அனுப்ப முடியவில்லை. என் தாத்தாவை, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி ஒருவர்தான் ஊரிலிருந்து கூட்டிவந்தார். ஆசை வார்த்தை சொல்லித்தான் கூட்டிவந்தார், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் அந்தக் கங்காணி கூடவே கப்பல் ஏறினார், பினாங்கை ஒட்டிய ஜெரஜாக் தீவில் நோய்ப் பரிசோதனைக்காகத் தடுத்து வைத்தபோது கூட இருந்தார், தோட்டத்தில் கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் நகர்ந்தார். உங்கள் அயலகத் தொடர்புப் பிரிவு அந்த அளவுக்காவது வரக் கூடாதா?

சரி, கோபத்தில் பேச்சு எங்கேயோ போகிறது. கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

வரப்போகிற இரண்டு பேருக்கும் நிபுணத்துவ பாஸ் அனுமதி எழுத்தில் வந்தபிறகு பயணச்சீட்டு எடுங்கள். முன்னால் எடுக்காதீர்கள். கிளம்பும் முன் அவர்கள் கையில் ஒரு குறிப்பேடு கொடுங்கள், அதை உங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து நீங்களாகவே எழுதாமல், இங்கே வந்து போனவர்களைக் கேட்டு எழுதுங்கள். கணக்கியல் தம்பியை அழைத்து உட்கார வைத்தால் ஒரு மதியத்தில் எல்லாம் சொல்லிவிடுவார். கல்லூரியில் யாரிடம் பேச வேண்டும், நள்ளிரவில் இறங்கினால் யார் வந்து அழைப்பார் என்று ஒரு பெயரும் ஒரு எண்ணும் அதில் இருக்கட்டும். அந்த எண் என்னுடையதாக இருக்க வேண்டாம். நான் வாடகைக்கு வீடு கொடுத்தவள், அவ்வளவுதான்.

அந்த மெமோவையும் தயவுசெய்து திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். அவர் இங்கே இருந்த நாள்களுக்குரிய படியை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன், அதையும் கொடுத்துவிடுங்கள். அவர் மாற்றி எழுதிய பாடக்குறிப்பு என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. அடுத்து வருகிறவருக்குப் பயன்படும் என்று தோன்றினால், அவரிடம் அனுமதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். வெள்ளி, சனியில் அனுப்பினால் கல்லூரிக்கும் ஒரு நகல் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் திறந்ததும் பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
பாடாங் செராய், கெடா.