மேல்மாடி வால்வைத் திறந்து காட்டுங்கள்: எங்கள் குடியிருப்புச் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் நிர்வாகக் குழு உறுப்பினர்கள்,
அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர்கள் சங்கம்,
பழைய மகாபலிபுரம் சாலை, சென்னை.

பொருள்: மொட்டை மாடி ஹைட்ரண்ட் (தீயணைப்புத் தண்ணீர்க் குழாய்) வால்வைக் குடியிருப்போர் முன்னிலையில் திறந்து காட்டக் கோருதல் – தொடர்பாக.

ஐயா, அம்மா,

வணக்கம்.

பி பிளாக் ஏழாவது மாடியில் மின்சார டக்டிலிருந்து (மாடிக்கு மாடி கேபிள் ஏறும் செங்குத்துப் பாதை) புகை கிளம்பிய இரவைப் பற்றி விவரிக்கத் தேவையில்லை. லுங்கியும் நைட்டியுமாகக் கீழே நின்ற கூட்டத்தில் நீங்களும் இருந்தீர்கள். எங்களை எழுத வைத்தது மறுநாள் வந்த உங்கள் சுற்றறிக்கை. தீயணைப்பு உபகரணங்கள் அனைத்தும் நல்ல நிலையில் உள்ளன, சான்றிதழ் நடப்பில் உள்ளது, வதந்தி பரப்ப வேண்டாம் என்று மூன்று செய்திகள் அதில் இருந்தன. சான்றிதழ் நடப்பில் இருப்பது உண்மை. உபகரணங்கள் நல்ல நிலையில் இல்லை என்பது பம்ப் அறையில் ஐந்து நிமிடம் நின்றாலே தெரிந்துவிடும். மூன்றாவதற்குப் பதில் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க விரும்பவில்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. மொட்டை மாடியில் இருக்கும் ஹைட்ரண்ட் வால்வை எல்லோர் முன்னிலையிலும் திறந்து காட்டுங்கள். தண்ணீர் வருகிறதா, எவ்வளவு அழுத்தத்தில் வருகிறது என்று பார்த்துவிடலாம்.

இதில் கையெழுத்திட்டிருப்பவர்களில் சிலருக்கு பம்ப், மோட்டார், மின் பேனல் ஆகியவைதான் பிழைப்பு. அந்த அறிவை வைத்துக்கொண்டு எழுதுகிறோம். பம்ப் அறையில் மூன்று பம்புகள் இருக்கின்றன: குழாயில் எப்போதும் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் சின்ன ஜாக்கி பம்ப், மின்சாரத்தில் ஓடும் பெரிய பம்ப், மின்சாரம் போனால் கைகொடுக்க ஒரு டீசல் பம்ப். அழுத்தம் குறைந்தால் பம்பைத் தானாக ஓடவிடும் பிரஷர் சுவிட்ச் மூன்றுக்கும் தனித்தனியாக உண்டு. நம் கட்டடத்தின் உயரம் சுமார் 45 மீட்டர். தண்ணீரை அந்த உயரத்துக்கு ஏற்றுவதற்கே நாலரை பார் அழுத்தம் (பத்து மீட்டருக்குச் சுமார் ஒரு பார்) செலவாகிவிடும். உச்சியில் ஹோஸைப் பிடிப்பவரிடம் மூன்றரை பாராவது மிஞ்ச வேண்டும். குழாய் உராய்வையும் சேர்த்தால் பம்ப் அறையில் அழுத்தம் காட்டும் கேஜில் எட்டரை, ஒன்பது பார் தெரிய வேண்டும். அன்றிரவு முள் இரண்டில் நின்றது. இதை எழுதும் நாளிலும் அங்கேயேதான் நிற்கிறது.

இரண்டு பார் என்றால் கீழிருந்து மொட்டை மாடிவரை ஏறும் ரைசர் குழாயில் தண்ணீர் 20 மீட்டர் உயரத்துக்குத்தான் நிற்கிறது என்று பொருள். ஆறாவது மாடியைத் தாண்டாது. அதற்கு மேலே சிவப்புப் பெயிண்ட் அடித்த குழாய்க்குள் இருப்பது வெறும் காற்று. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து ரைசருக்கு இறங்கும் வால்வு மூடிக் கிடப்பதால் அங்கிருந்தும் சொட்டு இறங்காது. புகை வந்ததோ ஏழாவது மாடியில். அங்கே வால்வைத் திருகியவர்களுக்கு ஏன் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஏன் இப்படி ஆனது? பூந்தோட்டத்துக்கு அடியில் போகும் குழாயில் எங்கோ கசிவு இருக்கிறது. அழுத்தம் இறங்க இறங்க, ஜாக்கி பம்ப் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாக ஓடி நின்றுகொண்டிருந்தது. தரைத்தளத்தில் சத்தம் என்று புகார் வந்தது, கரண்ட் பில் கூடுகிறது என்று பேச்சு வந்தது. யாரோ செலக்டர் சுவிட்சை 'ஆட்டோ'விலிருந்து 'ஆஃப்'புக்குத் திருப்பிவிட்டார்கள். ஜாக்கியோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. அழுத்தம் இறங்கியதும் பெரிய பம்ப் ஓடத் தொடங்கும். அது ஒருமுறை கிளம்பினால் தானாக நிற்காது, ஆள் போய்த்தான் நிறுத்த வேண்டும், அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். அந்தத் தொல்லையும் வேண்டாம் என்று மூன்றையும் ஆஃப் செய்துவிட்டார்கள். கசிவைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. இரவில், குழாயைப் பகுதி பகுதியாக அடைக்கும் ஸ்லூயிஸ் வால்வுகளை ஒவ்வொன்றாக மூடி, எந்தப் பகுதியில் முள் இறங்குகிறது என்று பார்த்தால் போதும். அந்தப் பகுதியை மட்டும் தோண்டிக் குழாயை மாற்றலாம். ஒரு பிளம்பரும் ஓர் உதவியாளரும் செய்து முடிக்கிற வேலை.

இன்னொன்று. டக்டில் புகை என்றதும் செக்யூரிட்டி ஓடிப்போய் பி பிளாக் மெயின் பிரேக்கரை இறக்கினார். அவர் செய்தது சரி. ஆனால் தீயணைப்பு பம்புக்கும் அதே பிரேக்கருக்குப் பின்னாலிருந்துதான் இணைப்பு போகிறது. மெயினுக்கு முன்னால் தனியாக எடுத்திருக்க வேண்டும். கட்டடம் முழுக்க இருண்டாலும் பம்புக்குக் கரண்ட் இருக்க வேண்டும். ஆக, அன்று செலக்டர் ஆட்டோவில் இருந்திருந்தாலும் பெரிய பம்ப் ஓடியிருக்காது. மிச்சமிருந்தது டீசல் பம்ப். அதன் பேட்டரி டெர்மினலில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது, சார்ஜரின் விளக்கு எரியவில்லை. வாரம் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதாகப் பதிவேடு சொல்கிறது. பதிவேட்டையும் நாங்கள் பார்த்தோம். 18-ஆம் தேதியன்று பார்த்தபோது, அதில் 30-ஆம் தேதி வரை ஒரே பேனாவில் 'ஓ.கே.' போட்டிருந்தது. வருங்காலம் அறிந்த ஒப்பந்ததாரர் நமக்கு வாய்த்திருக்கிறார்!

இதையெல்லாம்விட எங்களை உறுத்துவது எட்டாவது மாடி.

பதினோராவது மாடியில் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு பெரியவரை, வீட்டார் இருவரும் பக்கத்து வீட்டுப் பையனும் சேர்ந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். லிஃப்டைத் தொடவில்லை. அது சரியான முடிவு. 2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்து ஆறு பேர் இறந்தார்களே, அவர்களில் லிஃப்டில் சிக்கியவர்களும் உண்டு. நம் படிக்கட்டிலோ கீழிருந்து புகை ஏறிக்கொண்டிருந்தது. ஏழாவது மாடியில் படிக்கட்டுக்கான தீத்தடுப்புக் கதவை, அது தானாகச் சாத்திக்கொள்வது தொந்தரவு என்று, பூந்தொட்டி வைத்துத் திறந்தே வைத்திருந்தார்கள். எட்டாவது மாடிக்கு வந்ததும் புகை கண்ணை மறைத்தது. அனுமதி பெற்ற வரைபடத்தில் அந்த மாடியில் ஒரு புகலிடம் காட்டப்பட்டிருக்கிறது: வெளிக்காற்றுக்குத் திறந்த இடம், இறங்க முடியாதவர்கள் மீட்புக்குக் காத்திருப்பதற்காகவே கட்டியது. அவர்கள் அங்கே திரும்பினார்கள். கதவில் பூட்டு தொங்கியது. சாவி எஸ்டேட் மேனேஜரிடம். மேனேஜர் தாம்பரத்தில், தன் வீட்டில்.

கதவுக்கு வெளியே, படிக்கட்டுத் திருப்பத்தில், ஈரத் துண்டால் பெரியவரின் முகத்தை மூடிக்கொண்டு நால்வரும் உட்கார்ந்திருந்தார்கள். கீழே ஜன்னல் கண்ணாடியை யாரோ உடைத்துப் புகை வெளியேறத் தொடங்கும்வரை அங்கேதான் இருந்தார்கள். மறுநாள் பூட்டைத் திறந்தபோது உள்ளே என்ன இருந்தது என்று உங்களுக்கே தெரியும்: அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள், சாமியானா துணி, கொலுப்படிப் பலகைகள், போன வருடப் பொங்கல் விழா பேனர்கள். புகலிடத்தைப் பூட்டியது ஒரு தவறு, அதை எரிபொருள் கிடங்காக்கியது அதைவிடப் பெரிய தவறு. அந்த நாற்காலிகள் உருகி எரிந்தால் சொட்டுச் சொட்டாகக் கீழே விழும் நெருப்பாக மாறும்.

தீயைவிடப் புகைதான் கொல்லும் என்று சொன்னால் பலரும் தலையாட்டிவிட்டு மறந்துவிடுகிறோம். 2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தாவில் ஒரு பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில் தீப்பிடித்தது. மேல்மாடிகளில் படுத்திருந்த நோயாளிகள் உட்பட 80-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் புகையில் மூச்சடைத்து. புகை ஏறுவதற்கு ஒரு பாதை இருந்தால் போதும். நம் மின்சார டக்ட் அப்படியொரு பாதைதான். ஒவ்வொரு மாடித் தளத்திலும் கேபிள் நுழையும் ஓட்டையைத் தீ தாங்கும் கலவையால் அடைத்திருக்க வேண்டும். கட்டியபோது அடைத்திருந்தார்கள். பிறகு இன்டர்நெட் கேபிள் இழுக்க வந்த ஒவ்வொருவரும் உடைத்துவிட்டுப் போனார்கள். போன வருடம் நீங்கள் அடைக்கச் சொன்னபோது ஒப்பந்ததாரர் அடித்தது மஞ்சள் நிற பி.யூ. ஃபோம் (பாலியூரித்தேன் நுரை). அது ஜன்னல் சட்டத்து இடுக்குக்கு நல்லது. தீயில் அதுவே எரியும்.

அலாரம் பேனலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சமையல் புகைக்கெல்லாம் அடிக்கிறது என்று நான்கு ஜோன்களை (பகுதிகளை) ஐசொலேட் செய்து, அதாவது துண்டித்து, ஒலி எழுப்பும் ஹூட்டர் வயரையும் பிடுங்கி வைத்திருக்கிறார்கள். அன்றிரவு நம்மை எழுப்பியது வாட்ஸ்அப் குழு.

தீயணைப்பு வண்டி வந்தும் உள்ளே வர முடியாமல் நின்றதைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஆறு மீட்டர் இருக்க வேண்டிய உள்பாதையில் இருபுறமும் விசிட்டர் கார்கள். வளைவில் புதிதாகக் கட்டிய இசை நீரூற்று. அது இசைக்கு ஏற்ப நிறம் மாறும் என்று திறப்பு விழாவில் பெருமையாகச் சொன்னீர்கள். வண்டி திரும்ப முடியாமல் வாசலிலேயே நின்றுவிட்டது. அதன் பம்பிலிருந்து நம் ரைசருக்கு நேரடியாகத் தண்ணீர் ஏற்ற வாசலருகே நான்கு வாய் கொண்ட இணைப்பு ஒன்று இருக்கிறது. காகிதப்பூச் செடிக்குப் பின்னால் மறைந்திருந்த அதை வீரர்கள் டார்ச் அடித்துத் தேடிப் பிடித்தார்கள். மூடிகள் இல்லை, இரண்டு வாய்களுக்குள் சிப்ஸ் பாக்கெட்டுகள். நுழைவாயில் வளைவுக்கும் நீரூற்றுக்கும் பொதுக்குழுவில் ஒரே கூட்டத்தில் நிதி ஒதுக்க முடிகிறது. பேட்டரி வாங்க மூன்று மேற்கோள் வேண்டுமாம், அடுத்த நிதியாண்டில் பார்க்கலாமாம். ஏப்ரல் 14 தொடங்கித் தீத்தொண்டு வாரத்தில் விளையாட்டுத் திடலில் தட்டில் டீசல் ஊற்றிக் கொளுத்தி, இருபது வினாடியில் தீர்ந்துபோகிற எக்ஸ்டிங்விஷரால் அணைத்து, சால்வை போட்டுப் படம் எடுக்கிறோம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு கேட்பது வேறு: குடியேறிய முதல் இரண்டு ஆண்டுகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் எல்லோரும் படிக்கட்டில் இறங்கிப் பழகும் ஒத்திகை. இங்கே ஒருமுறைகூட நடந்ததில்லை.

கோபம் சற்று மீறிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்களும் சம்பளம் வாங்காமல் இந்த வேலையைச் செய்கிறவர்கள் என்பதை மறக்கவில்லை. அன்று டக்டில் தீ தானாகத் தணிந்தது நம் அதிர்ஷ்டம். கரண்ட்டை நிறுத்தியதும் எரிவதற்கு அதிகம் மிஞ்சவில்லை. தீ டக்டை விட்டு ஒரு வீட்டுக்குள் நுழைந்திருந்தால் கதை வேறு.

ஆகவே மீண்டும் கேட்கிறோம்: மேல்மாடி வால்வைத் திறந்து காட்டுங்கள். எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறோம். மொட்டை மாடியில் 63 மில்லிமீட்டர் வால்வில் பிரஷர் கேஜ் மாட்டி, 15 மீட்டர் ஹோஸையும் 20 மில்லிமீட்டர் நாசிலையும் (தண்ணீர் பீய்ச்சும் முனை) இணைக்க வேண்டும். ஹோஸை இரண்டு பேர் பிடிக்க வேண்டும், ஒருவரால் தாங்க முடியாது. பம்ப் அறையில் ஒருவர் போனோடு நிற்கட்டும், ஆனால் எந்த சுவிட்சையும் கையால் தொடக் கூடாது. வால்வைத் திறந்ததும் முதலில் ஜாக்கி, அடுத்துப் பெரிய பம்ப், இரண்டும் தானாகக் கிளம்ப வேண்டும். தண்ணீர் ஓடும்போதே மெயினை இறக்குங்கள். டீசல் பம்ப் தானாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேலே கேஜ் மூன்றரை பாருக்குக் கீழே போகக் கூடாது.

தண்ணீர் வீணாகும் என்று ஒரு குரல் எழும் என்பது எங்களுக்குத் தெரியும். மூன்றரை பாரில் இந்த நாசிலில் நிமிடத்துக்குச் சுமார் 500 லிட்டர் போகும். ஐந்து நிமிடத்துக்கு 2,500 லிட்டர். நாம் வாங்கும் டேங்கர் லாரி ஒன்றில் 12,000 லிட்டர். அதுவும் மொட்டை மாடி வடிகால் வழியாக மழைநீர்த் தொட்டிக்கே போய்ச் சேரும்.

இன்றே செய்யக்கூடியவை சில உண்டு, அவற்றுக்குக் கூட்டமோ மேற்கோளோ தேவையில்லை. மூன்று செலக்டர்களையும் ஆட்டோவுக்குத் திருப்புங்கள். ஜாக்கி சத்தம் போட்டால் போடட்டும், கசிவு இன்னும் இருக்கிறது என்று அது நினைவூட்டிக்கொண்டிருக்கும். எட்டாவது மாடிப் பூட்டைக் கழற்றி, உள்ளே இருப்பதை வெளியேற்றுங்கள். பூந்தொட்டிகளை எடுத்துவிட்டுக் கதவுகள் தானாகச் சாத்துகின்றனவா என்று ஒவ்வொரு மாடியாகப் பாருங்கள். மொட்டை மாடித் தொட்டி வால்வைத் திறந்து வையுங்கள்.

சோதனையை வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு வைத்துக்கொள்ளலாமா? தங்களுக்கு வசதிப்படாவிட்டால் அதற்கடுத்த ஞாயிறு, அதற்கு மேல் வேண்டாம். பம்ப் அறையிலும் மேலேயும் நிற்க எங்களில் ஆறு பேர் தயார். கேஜையும் நாங்களே கொண்டுவருகிறோம். ஹோஸும் நாசிலும் மட்டும் உங்கள் சிவப்புப் பெட்டிகளிலிருந்துதான் எடுக்க வேண்டும். பித்தளை நாசில்களைக் கழற்றிக்கொண்டுபோய் எடைக்குப் போடுவது ஊரறிந்த விஷயம் என்பதால், சனிக்கிழமையே பெட்டிகளைத் திறந்து பார்த்துவிடுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஏ, பி பிளாக் குடியிருப்போர்