மண் பரிசோதனைப்படி மணிச்சத்து உரப் பரிந்துரை வழங்கக் கோரி மனு

அனுப்புநர்:
குறுவை, தாளடி, உளுந்து சாகுபடி செய்யும் விவசாயிகள்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
வேளாண்மை இணை இயக்குநர் அவர்கள்,
திருவாரூர் மாவட்டம்.

பொருள்: மண் பரிசோதனை முடிவைக் குறுவைக்கு முன் தருவதும், மூன்று போகத்துக்கும் சேர்த்து மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரப் பரிந்துரை வழங்குவதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

நாங்கள் குறுவை நெல்லுக்கு ஏக்கருக்கு ஒரு மூட்டை டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரம், அதை அடுத்து வரும் தாளடி நெல்லுக்கு இன்னொரு மூட்டை என்று பல வருடமாகப் போட்டு வருகிறோம். 50 கிலோ மூட்டையில் மணிச்சத்து 23 கிலோ. இரண்டு டன் நெல் விளைந்தால் மணியோடு வயலை விட்டுப் போவது ஏறக்குறைய 10 கிலோதான். மிச்சத்தில் பெரும்பகுதி மண்ணிலேயே தங்குகிறது. யூரியாவைப் போல இது ஆவியாகவோ தண்ணீரோடு இறங்கியோ எளிதில் போய்விடாது. எங்களில் ஒருவரது வயலின் மண்வள அட்டையில் மணிச்சத்து ஹெக்டேருக்கு 38 கிலோ என்று வந்தது. 22 கிலோவைத் தாண்டினாலே 'அதிகம்' என்பது தங்கள் துறையின் கணக்கு. அந்த அட்டை கைக்கு வந்தபோது தாளடிக்கு அடியுரம் போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது.

அதிகம் இருந்தால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். காசு போவது ஒன்று. மணிச்சத்து மிகுந்த வயலில் பயிருக்குத் துத்தநாகம் கிடைப்பது குறைகிறது. அப்புறம் நாற்று பழுத்து நிற்கிறதே என்று துத்தநாக உரமான சிங்க் சல்பேட் தேடி ஓடுகிறோம்.

இவ்வளவு இருந்தும் உளுந்துக்கு மட்டும் பற்றாக்குறை வருகிறது. வயலில் தண்ணீர் நிற்கும்போது இரும்போடு ஒட்டிக் கிடக்கும் மணிச்சத்து கரைந்து நெல்லுக்குக் கிடைக்கிறது. தண்ணீர் வடிந்து மண் காய்ந்ததும் அது திரும்ப ஒட்டிக்கொள்கிறது. தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே நிற்கும் பயிரில் உளுந்தைத் தெளித்துவிடுவதால் உழவும் இல்லை, அடியுரமும் இல்லை. பூக்கும்போது ஒரு முறையும் 15 நாள் கழித்து இன்னொரு முறையும் 2 சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளிப்பதுதான் வழி. இரண்டு தெளிப்புக்கும் சேர்த்து ஏக்கருக்கு 8 கிலோ போதும். ஆனால் நாங்கள் வாங்கும் கடையில் மூட்டையைப் பிரித்துத் தருவதில்லை. மூட்டையாக வாங்கினாலும் கூடவே வேறொரு பொருளைத் தலையில் கட்டுகிறார்கள்.

ஆகவே உளுந்து அறுவடை முடிந்து வயல் சும்மா கிடக்கும் சித்திரையிலேயே மண் மாதிரி எடுத்து, மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன் முடிவைத் தர ஏற்பாடு செய்யக் கேட்டுக்கொள்கிறோம். பரிந்துரையைப் பயிருக்குப் பயிர் தனியாக எழுதாமல் மூன்று போகத்துக்கும் ஒன்றாக எழுதித் தர வேண்டும். மணிச்சத்து அதிகமுள்ள வயலுக்கு எந்தப் போகத்தில் டி.ஏ.பி.யை விடலாம், எதில் பாதியாக்கலாம் என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். வாய்ப்பேச்சை நம்பி உரத்தைக் குறைக்க எங்கள் ஆட்கள் துணிய மாட்டார்கள் என்பதால், கிராமத்துக்கு ஒரு வயலிலாவது செயல்விளக்கம் போட்டுக் காட்டினால் நல்லது. மாசி மாதத்தில் டி.ஏ.பி.யைக் கிலோ கணக்கில் விற்கவும், பசுந்தாள் உரத்துக்கான தக்கைப்பூண்டு விதையும், மண்ணில் ஒட்டிக் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியா நுண்ணுயிர் உரமும் பருவத்துக்கு முன்பே வேளாண் விரிவாக்க மையத்தில் கிடைக்கவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இணைப்பு: மண்வள அட்டை நகல்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
விவசாயிகள் சார்பாக.