காது மெஷின் குடுத்தா மட்டும் போதாது, அத சரி பண்ணி விட ஆள் வேணும் – நீலகிரி கலெக்டருக்கு ஒரு மனு

அனுப்புநர்: சேரம்பாடி பக்கம் எஸ்டேட் லைன்ல (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்ல) குடியிருக்கிறவங்க, பந்தலூர் தாலுகா, நீலகிரி மாவட்டம்

பெறுநர்: மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள், உதகமண்டலம்

நகல்: மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் அவர்கள்

பொருள்: காதொலி கருவி வாங்குனவங்களுக்கு கூடலூர், பந்தலூர் பக்கமே ஆடியாலஜிஸ்ட் (காது டெஸ்ட் பண்ணி மெஷின செட் பண்ணி விடறவர்) வந்து பாக்க ஏற்பாடு செய்யக் கோரி

மதிப்பிற்குரிய கலெக்டர் அவர்களுக்கு வணக்கம்.

எங்க லைன்ல காது மெஷின் இல்லாத வீட்ட விட மெஷின் இருந்தும் மாட்டாத வீடு தான் பிரச்சனையே. முகாம்ல குடுத்தது, பசங்க திருப்பூர்ல வேல பாத்து காசு சேத்து வாங்கிக் குடுத்ததுன்னு எல்லாம் இருக்கு, ஆனா பாதி பீரோவுக்குள்ள டப்பாவோட கெடக்கு. எங்க அப்பாவோடதும் அப்டித்தான். கேட்டா "கீன்னு கத்துதுப்பா, தல வலிக்குது"ன்னு கழட்டி வெச்சிருவாரு. அவர சொல்லி குத்தமில்ல, அந்த முகாம்ல காதுல மாட்டி விட்டு, கேக்குதான்னு கேட்டு, கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிட்டாங்க, அப்புறம் யாரும் எப்டி இருக்குன்னு கேக்கவே இல்ல.

அப்பா வேல பாத்தது டீ பேக்டரில, ரோலிங் ரூம். அங்க பக்கத்துல நிக்கிற ஆள்கிட்ட கூட கத்தி தான் பேசணும். 8 மணி நேர ஷிப்ட்டுக்கு 90 டெசிபலுக்கு மேல சத்தம் இருக்கக்கூடாதுன்னு பேக்டரி விதி இருக்கு, ஆனா காதுக்கு அடைப்பான் குடுத்த கதையெல்லாம் நாங்க கேட்டதில்ல. இப்டி சத்தத்துல போற காது முழுசா அடைச்சுக்காது, மொதல்ல கீச்சுகீச்சுன்னு இருக்கற மெல்லிசு சத்தம் தான் போகும், அதனால ஆள் பேசறது கேக்கும் ஆனா என்ன பேசறாங்கன்னு புரியாது. வீட்ல "காதுல விழுந்தும் விழாத மாதிரி இருக்காரு"ன்னு சண்டையே வரும். இந்த மாதிரி காதுக்கு எல்லா சத்தத்தையும் ஒரே அளவுக்கு தூக்கி விட்டா வேலைக்கு ஆகாது. ஆடியோகிராம் (காது டெஸ்ட் பண்ணி போடற வரைபடம்) எடுத்து, எந்த சத்தத்துக்கு எவ்ளோ குறைவோ அத பாத்து கம்ப்யூட்டர்ல போட்டு மெஷின செட் பண்ணனும், கொஞ்ச வாரம் போட்டு பழகுன பிறகு திரும்ப கூப்பிட்டு மாத்தி விடணும். மூக்குக்கண்ணாடி மாதிரி மாட்டுன அன்னைக்கே தெளிவாயிரும்னு தான் எல்லாரும் நெனைக்கிறாங்க, அப்டி இல்லன்னு உக்காந்து சொல்லித்தர ஒரு ஆள் வேணும், அந்த ஆள் தான் ஆடியாலஜிஸ்ட்.

இதுல நம்ம ஊர் கிளைமேட் வேற. பந்தலூர், தேவாலா பக்கம் ஜூன்ல மழை புடிச்சா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். காதுக்கு பின்னாடி மாட்டுற மெஷின்ல இருந்து காது அச்சுக்கு (காது அளவெடுத்து செஞ்சு உள்ள மாட்டுறது) போற டியூப்ல தண்ணி முத்து முத்தா நிக்கும், சத்தம் கட்டாயிரும், மெஷின் ரிப்பேர்னு நெனச்சு தூக்கி வெச்சிருவாங்க. டியூப கழட்டி ஊதி விட்டு ராத்திரி ஈரத்த உறிஞ்சற சிலிக்கா ஜெல் டப்பால போட்டு வெச்சா போதும், இத யாரும் சொல்லித்தரல. அந்த டியூப் கூட சில மாசத்துல கட்டியாயிரும், மாத்தணும். அச்சு லூசானா தான் கீன்னு கத்தும், அழுக்கு அடைச்சாலும் கத்தும், அதுக்கும் ஆள் பாக்கணும். பேட்டரியும் காத்த இழுத்து ஓடற பேட்டரி, குளிருலயும் ஈரத்துலயும் சீக்கிரம் தீந்துரும். 13-ம் நம்பர் ஆரஞ்சு ஸ்டிக்கர் பேட்டரி ஒரு வாரம், மிஞ்சிப்போனா ரெண்டு வாரம். எங்க பக்கம் மெடிக்கல்ல கேட்டா கடிகார பேட்டரிய எடுத்து காட்றாங்க. சார்ஜ் மெஷின் வாங்குங்கன்னு சொல்றவங்களுக்கு, மரம் விழுந்து கரண்ட் போனா எப்ப வரும்னு எங்களுக்கே தெரியாதுங்க.

சரி பண்ண ஊட்டிக்கோ கோயம்புத்தூருக்கோ போங்கன்னா, கூடலூர்ல இருந்தே ஊட்டி 50 கிலோமீட்டர், நாங்க அதுக்கும் இந்தப்பக்கம். வயசானவர கூட்டிட்டு போனா ஒரு நாள் கூலி போகும், கூட போறவனுக்கும் போகும், சாயங்காலம் பஸ்ஸ விட்டா லைனுக்குள்ள நடந்து வரணும், யானை நிக்கிற நேரம். அதயும் சொல்லணும்ங்க. இங்க யானை வந்துச்சுன்னா ஒருத்தர் பாத்து கத்துவாங்க, அந்த சத்தத்த கேட்டு தான் மத்தவங்க உள்ள போவோம். காது கேக்காத ஆளு கத்துறது கேக்காம நேரா அது பக்கமே நடப்பாரு. அதனால இத வயசானவங்களோட சின்ன தொந்தரவுன்னு தயவுசெஞ்சு நெனச்சிராதீங்க.

நாங்க கேக்கறது பெரிய கட்டடம் இல்ல. முறையா படிச்சு ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கற ஒரு ஆடியாலஜிஸ்ட் மாசத்துக்கு ஒரு தடவ, தேதி முன்கூட்டியே சொல்லி, கூடலூர்லயும் பந்தலூர்லயும் வந்து உக்காரணும். லேப்டாப்பும் புரோகிராம் பண்ற கேபிளும் அச்சு எடுக்கற சாமானும் கையோட கொண்டு வந்தா பாதி மெஷின் அன்னைக்கே உயிர் பெறும். 2021-ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம் மூலமா பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருது, நல்ல விஷயம், அதே பைல பேட்டரி அட்டையும் டியூபும் போட்டு அனுப்ப முடியுமான்னு பாருங்க. மெஷின் குடுக்கற முகாம்லயே அடுத்து எப்ப வந்து காட்டணும்னு ஒரு சீட்டுல எழுதி குடுக்கணும். பேச்சு புரியுதான்னு டெஸ்ட் பண்ணும்போது பணியர், காட்டுநாயக்கர், படுகர் வீட்டு பெரியவங்களுக்கு அவங்கவங்க பேச்சுல கேக்கணும், இல்லன்னா காது கொறயா மொழி புரியலயான்னே தெரியாது. கூட வர்ற சொந்தக்காரங்க உதவி பண்ணுவாங்க.

இன்னொன்னு, 2016 சட்டத்துல ரெண்டு காதுலயும் 60 டெசிபலுக்கு மேல கொறஞ்சா தான் கேக்கும் திறன் குறைந்தவர்னு கணக்கு. பேக்டரில காது போனவங்க பாதிப்பேர் அந்த கோட்டுக்கு இந்தப்பக்கம் நிப்பாங்க. மாற்றுத்திறனாளி கார்டு இருக்கறவங்களுக்கு மட்டும் தான் பாப்போம்னு சொல்லாம, சொந்த காசுல மெஷின் வாங்குனவங்களையும் அந்த மாசாந்திர நாள்ல பாக்கச் சொல்லி ஆர்டர் போடுங்க. பேக்டரில இப்ப வேல பாக்கற பசங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவ காது டெஸ்ட் எடுக்க வெச்சா இன்னும் நல்லது, அது தனி மனுவா குடுக்கறோம்.

மெஷின் வெச்சிருக்கறவங்க பேரு, மாடல், என்ன கோளாறுன்னு எழுதி லிஸ்ட் இணைச்சிருக்கோம். இந்த மனுவுக்கு பதில் லெட்டராவோ மெசேஜாவோ அனுப்புங்க, போன் பண்ணா லிஸ்ட்ல இருக்கற யாரும் எடுத்து பேச முடியாது.

இப்படிக்கு,
லைன் மக்கள் சார்பாக
(கையெழுத்து, கைநாட்டு இணைப்பில்)