தறி வேலை என்று எழுதிய பதிவேடு

ஐயா,

குடியாத்தம் பக்கம் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு நூறு வயது ஆகிவிட்டது. சென்ற வாரம் விழா எடுத்தோம். சென்னை மாகாணத்தில் 1920-இல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. தாலுகா போர்டும் ஜில்லா போர்டும் பள்ளி நடத்திய காலம் அது. என் பாட்டி கடைசி வரை ‘போர்டு ஸ்கூல்’ என்றுதான் சொல்வார்.

விழாவில் பழைய சேர்க்கைப் பதிவேட்டை மேசை மேல் வைத்திருந்தார்கள். மை பழுப்பேறிய குண்டு எழுத்து. தகப்பனார் தொழில் என்ற கட்டத்தில் நெசவு, நெசவு, கூலி, மறுபடி நெசவு. என் தாத்தா பெயரும் இருந்தது. மூன்றாம் வகுப்போடு நின்றவர். காரணம், ‘தறி வேலை’. அந்த வரியை விட்டு நகர எனக்கு மனமே வரவில்லை.

1956-இல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்த பிறகு படித்தவர் என் அப்பா. அவர் ஐந்தாம் வகுப்பை முடித்தார். இன்று அதே கூடத்தில் பிள்ளைகள் காலையிலேயே சூடாகச் சாப்பிடுகிறார்கள். பார்க்கவே நிறைவாக இருக்கிறது.

அப்புறம் ஒரு வேண்டுகோள். பதிவேட்டின் ஓரங்கள் தொட்டாலே உதிர்கின்றன. வேலூர் மாவட்டத்தின் பழைய பள்ளிப் பதிவேடுகளை எல்லாம் உடனே ஸ்கேன் செய்து, வேலூர்க் கோட்டையில் உள்ள அரசு அருங்காட்சியகத்தில் ஒரு பிரதி வைக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

முன்னாள் மாணவர்,
குடியாத்தம்