குறுக்கு வலியும் 24 சிட்டிங்கும்

அன்புள்ள கண்ணா,

குறுக்கு பிடித்துக்கொண்டது என்றும், முதுகெலும்பைக் கையால் தட்டி, திருப்பி வைத்தியம் செய்யும் கைரோபிராக்டரிடம் 24 சிட்டிங்குக்கு மொத்தமாகப் பணம் கட்டச் சொல்கிறார்கள் என்றும் நேற்று போனில் சொன்னாய். கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடு.

"எலும்பு விலகியிருக்கிறது, தட்டி உள்ளே தள்ளிவிடலாம்" என்று யார் சொன்னாலும் நம்பாதே. தட்டினால் நகர்வதற்கு முதுகெலும்பு என்ன அடுக்கிவைத்த டம்ளரா? அந்தச் 'சடக்' சத்தம் நீ விரலில் நெட்டி முறிக்கும்போது வருவதுதான். மூட்டு சட்டென்று விரியும்போது உள்ளே இருக்கும் திரவத்தில் அழுத்தம் குறைந்து வாயுக் குழிவு உண்டாகிறது, அவ்வளவே. இறுகிய தசை தளரும், சில நாள் வலி குறையும். அந்த நிம்மதிக்காகப் போவதில் தப்பில்லை. அங்கே பிரிட்டனில், மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016-ல் வெளியிட்ட குறுக்கு வலி வழிகாட்டுதலிலும் கையால் செய்யும் சிகிச்சைக்கு இடம் உண்டு. ஆனால் உடற்பயிற்சியோடு சேர்த்து, தனியாக இல்லை. ஆகவே நாலைந்து சிட்டிங் போ, குறையாவிட்டால் நிறுத்து. முன்பணம் கட்டாதே. அவர் பெயர் ஜெனரல் கைரோபிராக்டிக் கவுன்சில் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் பார்த்துக்கொள். பதிவு இல்லாதவர் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்வதே உங்கள் ஊரில் சட்டப்படி குற்றம். வலி இடுப்பில்தானே, கழுத்தைத் திருப்ப விடாதே. அபூர்வம்தான், ஆனாலும் கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் கிழிசல் ஏற்பட்டதுண்டு.

இனி நீ செய்ய வேண்டியது.

எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனியாதே. ராத்திரி படுத்திருக்கும்போது, முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க்குகள் தண்ணீரை இழுத்து உப்பியிருக்கும். அந்த நேரத்தில் குனிந்தால் அவற்றின் மேல் அழுத்தம் அதிகம். ஷூ லேஸ் கட்ட வேண்டுமென்றால் காலை நாற்காலி மேல் தூக்கி வை. பல் துலக்கும்போது ஒரு கையை வாஷ் பேசினில் ஊன்றிக்கொள். உடற்பயிற்சியும் அந்த ஒரு மணி நேரம் கழித்துத்தான்.

கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைத்த மூன்று பயிற்சிகள் போதும். முதலில் மண்டியிட்டுக் கையூன்றி, முதுகை மெதுவாக வளைத்து, இறக்கி ஆறேழு முறை இளக்கிக்கொள். பிறகு முதல் பயிற்சி, மல்லாந்து படு. ஒரு முழங்கால் மடக்கி, மற்றக் கால் நீட்டி, இரண்டு கைகளையும் குறுக்கின் குழிவுக்குக் கீழே வை. தலையையும் தோளையும் ஒரே துண்டாக இரண்டு விரற்கடை மட்டும் தூக்கு. மோவாய் நெஞ்சைத் தொட வேண்டாம், குழிவு கையை நசுக்கவும் கூடாது. ஜிம்மில் செய்வது போல முழுசாக எழுந்து உட்காருவதை மறந்துவிடு. டிஸ்க்கைப் பிதுக்குவது அந்த மடக்கல்தான்.

இரண்டாவது சைட் பிளாங்க், அதாவது பக்கவாட்டில் படுத்து முழங்கையை ஊன்றி இடுப்பைத் தூக்கி நிறுத்துவது. முழங்கை நேராகத் தோளுக்குக் கீழே. ஆரம்பத்தில் முழங்கால் மடித்துச் செய், இடுப்பு தொங்கக் கூடாது.

மூன்றாவது பேர்ட் டாக். இதில்தான் எல்லோரும் சொதப்புவார்கள். மண்டியிட்டுக் கையூன்றி, வலக்கையையும் இடக்காலையும் நீட்டு. காலை இடுப்பு உயரத்துக்கு மேல் தூக்கினால் குறுக்கு உள்ளே குழிந்துவிடும், பயிற்சி வீண். குறுக்கில் பாதி தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளர் நிற்பதாக நினைத்துக்கொள், சிந்தாமல் செய். நீட்டிய கையில் முஷ்டி பிடித்தால் முதுகுத் தசை நன்றாக இறுகும்.

எதுவானாலும் ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் பிடிக்காதே. அதற்கு மேல் தசைக்கு ஆக்சிஜன் குறைந்து பிடித்து இழுக்கும். ஆறு முறை, கொஞ்சம் ஓய்வு, பிறகு நாலு, பிறகு இரண்டு. பக்கம் மாற்றிச் செய்வதில் இரண்டு பக்கத்துக்கும் இதே கணக்கு. தினமும் செய். பலத்தைவிடத் தாக்குப்பிடிக்கும் திறன்தான் முதுகுக்கு வேண்டும்.

நடையை விடாதே. ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2024-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு வலி திரும்ப வர 208 நாள் ஆனது, செய்யாதவர்களுக்கு 112 நாள். இரண்டுமே இடைநிலைக் கணக்கு, அதாவது பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்குப் பிறகு. வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம், கையை வீசி நட.

வேலையில் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திரு. ஆயிரம் பவுண்டு நாற்காலியைவிட அது மேல்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதே. சிறுநீர் இறங்காமல் போவது அல்லது அடக்க முடியாமல் போவது, தொடை இடுக்கும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, பாதம் தூக்க முடியாமல் தொங்குவது, இரண்டு காலிலும் வலி இறங்குவது. இதில் எது வந்தாலும் கைரோபிராக்டர் வேண்டாம், அந்த நிமிஷமே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போ. நரம்பு நசுங்கியிருந்தால் மணிக்கணக்கில் வித்தியாசம்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் போனைத் தரையில் பக்கவாட்டில் வைத்து பேர்ட் டாக் செய்து காட்டு. டம்ளர் சாய்கிறதா என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா